வளராத பிள்ளையும் பாசிட்டிவ் ரிப்போர்ட்டும்

ஏழு வயதுப் பையன். உயரம் 112 செ.மீ. பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை வரிசையில் எப்போதும் முதல் ஆள். சாப்பாட்டில் நாட்டமில்லை, அவ்வப்போது தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்கிறான். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் "என்னம்மா, பிள்ளை போன வருஷம் பார்த்த மாதிரியே நிக்கிறானே" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். டானிக் மாற்றியாயிற்று, பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனையில் "எச். பைலோரி ஐஜிஜி – பாசிட்டிவ்" என்று வருகிறது. எச். பைலோரி என்பது இரைப்பையில் குடியேறும் ஒரு பாக்டீரியா, ஐஜிஜி என்பது அதை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள். பயத்தோடு கூடவே வீட்டில் ஒரு நிம்மதியும் வருகிறது. காரணம் கிடைத்துவிட்டது, கிருமியைக் கொன்றால் பிள்ளை வளர்ந்துவிடுவான். மறுநாளே 14 நாளுக்கு இரண்டு ஆன்டிபயாடிக், கூடவே அமிலத்தைக் குறைக்கும் ஒரு மாத்திரை.

இவன் தனி ஒரு பையன் இல்லை, பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து வரைந்த உருவம். இந்தக் காட்சியில் என்னை விடாமல் உறுத்துவது ஒன்றுதான். கிருமிக்கும் வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்பது பொய்யில்லை, அதில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யென்றால் ஒரே வரியில் தள்ளிவிடலாம். பாதி உண்மையை அப்படித் தள்ள முடியாது. எந்த வயதில் உண்மை, எவ்வளவு உண்மை, எந்தப் பிள்ளைக்கு உண்மை என்று பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அமிலம் அடங்கிப்போகும் நாட்கள்

ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இல் இந்தக் கிருமியைக் கரைத்துக் குடித்த கதை பலருக்கும் தெரியும். அல்சருக்குக் காரணம் கிருமி என்று நிரூபிக்கக் குடித்தார், 2005-இல் ராபின் வாரனோடு நோபல் பரிசு பெற்றார் என்பதோடு அந்தக் கதையை முடித்துவிடுவார்கள். குழந்தைகளைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு அதில் இன்னொரு துணுக்கு முக்கியம். குடித்த சில நாட்களில் அவருக்கு வாந்தி வந்தது. அந்த வாந்தியில் அமிலம் இல்லை. அதாவது, கிருமி முதன்முதலாக வந்து குடியேறும் காலத்தில் இரைப்பையின் அமிலச் சுரப்பு கொஞ்ச காலம் அடங்கிப்போகிறது.

மார்ஷலுக்கு அப்போது 32 வயது, நல்ல உடல்நலம். அவருக்கு அது ஒரு கஷ்டமான வாரம், அவ்வளவுதான். இதே முதல் தொற்று எட்டு மாதக் குழந்தைக்கு வந்தால் கதை வேறு. இந்தக் கிருமி பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், வீட்டுக்குள்ளேயே, தாயிடமிருந்தோ மூத்த பிள்ளைகளிடமிருந்தோதான் தொற்றுகிறது. எட்டு மாதம் என்பது தாய்ப்பாலோடு இணை உணவு சேரும் பருவம். தண்ணீர், கஞ்சி, தரையில் கிடந்து வாய்க்குப் போகும் பொருள் எல்லாம் புதிதாக உள்ளே வரும் காலம். அவற்றோடு வரும் ஷிகெல்லா, சால்மோனெல்லா போன்ற பேதிக் கிருமிகளை வாசலிலேயே எரித்துவிடும் காவல்தான் இரைப்பை அமிலம். அந்தக் காவல் படுத்துக்கொண்டால் மற்றக் கிருமிகள் சிறுகுடலுக்கு எளிதாக இறங்கும். பேதி, சிறுகுடல் உறிஞ்சிகளின் தேய்வு, பசி மந்தம், எடை இறக்கம் என்று அது தொடரும். சத்துக் குறைந்த பிள்ளைக்கு அடுத்த தொற்று இன்னும் சுலபம். இரும்புச்சத்தும் இதே வழியில் அடிபடுகிறது. கீரை, தானியம், பருப்பில் இருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்ளும் வடிவுக்கு மாற்ற அமிலமும் வைட்டமின் சி-யும் வேண்டும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் சுரப்பதும் பெரும்பாலும் இந்தக் கிருமி குடியிருக்கும் அதே இரைப்பைச் சுவரிலிருந்துதான்.

இயங்குமுறையைப் படிக்கும்போது எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தக் கச்சிதத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள் என்று நினைக்கிறேன். நடக்கக்கூடியது எல்லாம் நடந்துவிடுவதில்லை. எவ்வளவு நடக்கிறது என்று அளந்துதான் பார்க்க வேண்டும்.

கெனெபா கிராமத்துக் கைக்குழந்தைகள்

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கெனெபா என்றொரு கிராமம். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல பத்தாண்டுகளாகக் குழந்தைகளின் எடையையும் நீளத்தையும் அங்கே தவறாமல் அளந்து வருகிறது. அங்கு 125 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து இரண்டு வயது வரை பின்தொடர்ந்து, மூச்சுப் பரிசோதனை மூலம் கிருமி எப்போது குடியேறுகிறது என்று பார்த்தார்கள். 2004-இல் முடிவு வெளியானது. சீக்கிரமே கிருமி குடியேறிய குழந்தைகள், முதல் வருடத்தின் பிற்பகுதியில் மற்றவர்களைவிட எடை குறைந்து, நீளம் குறைந்து, மெலிந்து போயிருந்தார்கள். வீட்டு வசதி, குடும்பச் சூழல் ஆகியவற்றை வைத்து அந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. இதே ஊரிலிருந்து 1993-இல் வந்த இன்னொரு ஆய்வு, இந்தக் கிருமிக்கு எதிரான ஐஜிஏ எதிர்ப்பொருள் தாய்ப்பாலில் கூடுதலாக இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தொற்று தள்ளிப்போனதைக் காட்டியிருந்தது.

கவனித்துப் படித்தால் இங்கே இரண்டு சொற்கள்தான் முழு எடையையும் தாங்குகின்றன: "சீக்கிரம்", "முதல் வருடம்". கைக்குழந்தைப் பருவத்தில் வந்த தொற்று, கைக்குழந்தைப் பருவத்து வளர்ச்சியைத் தொட்டது. கொலம்பியாவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில் சற்றுப் பெரிய குழந்தைகளைப் பின்தொடர்ந்தபோதும் புதிதாகத் தொற்று வந்ததை ஒட்டிய சில மாதங்களில் வளர்ச்சி வேகம் குறைந்தது தெரிந்தது. ஆனால் இழந்த உயரம் மில்லிமீட்டர் கணக்கு. வகுப்பில் கடைசியாக நிற்கும் பையனையும் முதலில் நிற்கும் பையனையும் பிரிப்பது மில்லிமீட்டர்கள் இல்லையே.

வேலூருக்கும் இந்த ஆராய்ச்சி வரிசையில் இடம் உண்டு. குழந்தைகளின் குடல் தொற்றையும் சத்துக் குறைவையும் பற்றி எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வின் இந்தியக் களம் அதுதான். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை மாதாமாதம் மலம் எடுத்துப் பார்த்த அந்த ஆய்வில், பேதி இல்லாமல் சும்மா குடலில் இருந்த ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர், ஒருவகை ஈ.கோலி, ஜியார்டியா ஆகியவற்றுக்கும் உயரக் குறைவுக்கும் தொடர்பு தெரிந்தது. குழந்தையின் உயரத்தில் கை வைக்கிறவை பல. எச். பைலோரி அந்தக் கூட்டத்தில் ஒன்று. பெரும்பாலும் தனியாக வருவதில்லை. நெரிசலான வீடு, சுத்தமில்லாத தண்ணீர், பற்றாக்குறைச் சாப்பாடு இவற்றோடுதான் வருகிறது. கிருமி இருக்கும் பிள்ளைகள் குட்டையாக இருக்கிறார்கள் என்பதால் கிருமிதான் குட்டையாக்கியது என்று சொல்ல முடியாததும் அதனால்தான்.

டாக்காவில் கிடைத்த பதில்

இதற்கு ஒரு நேர்மையான சோதனை உண்டு. கிருமியை ஒழித்துப் பார்ப்பது. ஒழித்தபின் நிலைமை மாறினால் குற்றம் அதனுடையது. வங்கதேசத்து ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது, உயரத்தை வைத்து அல்ல, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையை வைத்து. எனக்கு இந்த விஷயத்தில் இருந்த குழப்பத்தைத் தீர்த்தது இந்த ஆய்வின் வடிவமைப்புதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட, கிருமியும் ரத்தசோகையும் சேர்ந்து இருந்த 200 குழந்தைகள். நான்கு குழுக்கள். ஒன்றுக்கு இரண்டு வாரக் கிருமி மருந்தும் 90 நாள் இரும்பு மருந்தும். இரண்டாவதற்குக் கிருமி மருந்து மட்டும். மூன்றாவதற்கு இரும்பு மட்டும். நான்காவதற்கு மருந்தே இல்லாத போலி மருந்து. ஒப்பிட்டுப் பார்க்க, ரத்தசோகை இருந்தும் கிருமி இல்லாத 60 குழந்தைகளுக்கு இரும்பு. கிருமிதான் இரும்பைத் தடுக்கிறது என்றால், கிருமியோடு இரும்பு சாப்பிட்ட மூன்றாவது குழு பின்தங்கியிருக்க வேண்டும், கிருமி மருந்து மட்டும் சாப்பிட்ட இரண்டாவது குழு ஓரளவாவது தேறியிருக்க வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. இரும்பு கொடுத்த பிள்ளைகள் கிருமி இருந்தும் தேறினார்கள். கிருமியை மட்டும் துரத்திய பிள்ளைகளின் ரத்தம் அதனால் ஏறிவிடவில்லை. இந்த வயதுக் குழந்தைகளில் ரத்தசோகைக்குக் காரணம் இந்தக் கிருமி இல்லை, இரும்பு மருந்து பலிக்காமல் போவதற்கும் இது காரணம் இல்லை என்று எழுதினார்கள்.

மேற்கு அலாஸ்காவில் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 219 பேரிடம் நடந்த சோதனையும் இந்தப் பக்கமே சாய்ந்தது. எல்லோருக்கும் இரும்பு, ஒரு பகுதியினருக்கு மட்டும் கிருமி மருந்து. 14 மாதம் கழித்துப் பார்த்தபோது இரும்புக் குறைவில் சொல்லும்படியான வித்தியாசமில்லை. அங்கே இன்னொன்றும் தெரிந்தது. 40-வது மாதத்தில் பார்த்தபோது, கிருமி ஒழிந்த பிள்ளைகளில் சுமார் பாதிப் பேருக்கு அது திரும்ப வந்திருந்தது. வீட்டில் மற்றவர்களிடம் கிருமி இருக்கும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது கண்ணாடி.

இதையெல்லாம் எடை போட்டுத்தான் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை-குடல் மருத்துவச் சங்கங்கள் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, உயரக் குறைவுக்குக் காரணம் தேடும்போது எச். பைலோரி பரிசோதனை செய்ய வேண்டாம் என்கிறது. தொப்புளைச் சுற்றி வந்து போகும் சாதாரண வயிற்று வலிக்கும் வேண்டாம் என்கிறது. இரும்பு மருந்தைச் சரியாகக் கொடுத்தும், மற்றக் காரணங்களை ஒதுக்கியும் ரத்தசோகை அசையவில்லை என்றால் அப்போது ஸ்கோப் (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்யும்போது பார்க்கலாம். இரைப்பை, முன்சிறுகுடல் புண் இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும், இருந்தால் ஒழிக்க வேண்டும். அதில் இரண்டாம் பேச்சில்லை.

எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும்

நம் பையனின் கையில் இருப்பது ஐஜிஜி ரத்த ரிப்போர்ட். சிகிச்சையை முடிவு செய்ய அது உதவாது. உடல் எப்போதோ இந்தக் கிருமியைப் பார்த்திருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. கிருமி ஒழிந்தபின்னும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கும். சின்னக் குழந்தைகளில் கிருமி இருந்தும் நெகட்டிவ் வருவதுண்டு. அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஆன்டிபயாடிக் தொடங்கக் கூடாது.

மலத்தில் ஆன்டிஜென், அதாவது கிருமியின் புரதம், இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கும் எலைசா பரிசோதனை, மோனோகுளோனல் (ஒரே வகை எதிர்ப்பொருளைப் பயன்படுத்தும்) வகையாக இருந்தால், நம்பலாம். கோடு விழும் அட்டைப் பரிசோதனைகளின் நம்பகம் அதைவிடக் குறைவு. மாதிரி எடுப்பதில் நடக்கும் தவறுகள்தான் அதிகம்: டாய்லெட் தண்ணீரோ சிறுநீரோ கலந்துவிடுவது, வெயிலில் பையில் கிடந்துவிடுவது. பட்டாணி அளவு போதும், உலர்ந்த சுத்தமான டப்பாவில் எடுத்து அன்றே கொடுக்க வேண்டும், தாமதமானால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். தண்ணீராகப் போகும் பேதியில் ஆன்டிஜென் நீர்த்துப்போய்ப் பொய் நெகட்டிவ் வரலாம்.

மூச்சுப் பரிசோதனையில் குழந்தை வெறும் வயிற்றில் ஒரு ஊதல் ஊதி, யூரியா கரைசலைக் குடித்து, அரை மணி கழித்து மறுபடி ஊத வேண்டும். கிருமியின் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்தால், அதிலிருந்து வரும் கார்பன் மூச்சில் தெரியும். பிள்ளைகளுக்குக் கதிரியக்கம் இல்லாத கார்பன்-13 வகையைக் கேட்க வேண்டும். கார்பன்-14 காப்ஸ்யூலின் கதிரியக்கம் மிகச் சிறியதுதான், ஆனாலும் மாற்று இருக்கும்போது குழந்தைக்கு எதற்கு? ஆறு வயதுக்குக் கீழே இந்தப் பரிசோதனை தடுமாறும். வாயில் இருக்கும் வேறு பாக்டீரியாக்களும் யூரியாவை உடைக்கும் என்பதாலும், சிறு உடலின் மூச்சுக் கணக்கு வேறு என்பதாலும் பொய் பாசிட்டிவ் வரும்.

எந்தப் பரிசோதனை ஆனாலும் அதற்கு முன் நான்கு வாரம் ஆன்டிபயாடிக் எடுத்திருக்கக் கூடாது, இரண்டு வாரம் ஒமிப்ரசோல் வகை அமில மாத்திரை எடுத்திருக்கக் கூடாது. எடுத்திருந்தால் கிருமி அடங்கிக் கிடக்கும், ரிப்போர்ட் நெகட்டிவ் காட்டும். சளிக்கு எழுதித் தந்த அமாக்சிசிலினை யாரும் ஆன்டிபயாடிக் என்று கணக்கில் வைப்பதே இல்லை. ஸ்கோப் செய்தால் இரைப்பைச் சுவரிலிருந்து குறைந்தது ஆறு சதைத் துணுக்குகளாவது எடுக்க வேண்டும். குழந்தையின் இரைப்பையில் கிருமி அடர்த்தி குறைவு, திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். ஒரே இடத்தில் ஒரு துணுக்கு எடுத்துவிட்டு இல்லை என்பது போதாது.

முதலில் அளவை

பையனிடம் திரும்புவோம். அப்பா 162 செ.மீ., அம்மா 150 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆண் பிள்ளைக்கு இருவர் உயரத்தையும் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும் (பெண் பிள்ளைக்கு 13 கழிக்க வேண்டும்). 162.5 வருகிறது. பெரியவனாகும்போது அவன் எட்டக்கூடிய உயரத்தின் நடுப்புள்ளி அது. ஏழு வயதில் 112 என்பது வளர்ச்சி அட்டவணையின் கீழ்ப்பகுதிதான், ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அது அதிசயமில்லை. இன்னும் கேட்க வேண்டிய கேள்வி, போன வருடம் அவன் எவ்வளவு இருந்தான் என்பது. ஒரு நாள் அளவு ஒரு புள்ளிதான், ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள்தான் வேகத்தைக் காட்டும். முதல் வருடம் சுமார் 25 செ.மீ., இரண்டாம் வருடம் சுமார் 12, பிறகு வருடத்துக்கு 6 அல்லது 7, பருவமடையும் முன் 5 போல வளர்வது வழக்கம். ஆறு வயதுக்கு மேல், பருவமடையும் முன், வருடத்துக்கு 4 செ.மீ.க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். வருடத்துக்கு 5.5 செ.மீ. வளர்கிற பையன் குட்டையாக இருக்கலாம், அவன் நோயாளி இல்லை.

அளப்பதிலும் கோளாறு நடக்கும். இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து நீளம், அதற்கு மேல் செருப்பில்லாமல் நிற்கவைத்து உயரம். குதிகால், பின்புறம், தோள் சுவரில் பட வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும். பெண் பிள்ளைக்குக் கொண்டையை அவிழ்க்க வேண்டும். ஒரு தடவை கதவு நிலையில், அடுத்த தடவை கிளினிக் சுவர் ஸ்டிக்கரில் என்று அளந்தால் இரண்டு செ.மீ. காற்றில் வந்து காற்றில் போகும். இந்தியாவில் ஐந்து வயது வரை உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 அட்டவணை, அதற்கு மேல் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 அட்டவணை.

வேகம் நிஜமாகவே குறைந்திருந்தால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டிஎஸ்எச் (தைராய்டு), கிரியாட்டினின் (சிறுநீரகம்), சிறுநீர், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் தேயும் சீலியாக் நோய்க்கான டிடிஜி-ஐஜிஏ, இடது மணிக்கட்டின் எலும்பு வயது எக்ஸ்ரே, பெண் பிள்ளையென்றால் டர்னர் குறைபாட்டுக்கான (எக்ஸ் குரோமோசோம் குறைவதால் வருவது) குரோமோசோம் பரிசோதனை என்று பார்ப்பார்கள். இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் எச். பைலோரி ரிப்போர்ட்டோடு நின்றுவிட்டால், தைராய்டு குறைவுள்ள பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகிவிடும். எனக்கு இதில் இருக்கும் கோபம் அதுதான். ஆன்டிபயாடிக் வீணானதைவிட அந்த ஒரு வருடம் பெரிய இழப்பு.

ரத்தசோகைக்கும் இதே ஒழுங்குதான். இரும்பு "பலிக்கவில்லை" என்று முடிவு செய்யும் முன், கிலோவுக்கு 3 மி.கி. இரும்பு தினமும் போனதா, பாலோடும் டீயோடும் கலந்து கொடுத்தார்களா, ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிட்டார்களா (அதன்பின்னும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும்), ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் மாட்டுப்பால் குடித்துப் பிள்ளை சோற்றை ஒதுக்குகிறதா, தலசீமியா ட்ரெய்ட்டை (பரம்பரை ரத்தக் குறைபாட்டின் லேசான வடிவம்) தவறாக இரும்புக் குறைவு என்று நினைத்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். விடை பெரும்பாலும் இந்தப் பட்டியலிலேயே கிடைத்துவிடும்.

சிகிச்சை தேவைப்படும் பிள்ளைக்கு

புண் இருக்கிறது, துணுக்கில் கிருமி உறுதியாகிவிட்டது என்றால் அரைகுறையாகச் செய்யக் கூடாது. கல்ச்சர் செய்து, அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்குக் கிருமி மசிகிறது என்று பார்த்துக் கொடுப்பது முறை. இந்தியாவில் மெட்ரோனிடசோலுக்கு மசியாத கிருமிகள் அதிகம். கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் தோல்விதான். மருந்துக்கு மசியும் கிருமி என்று தெரிந்த 20 கிலோ பிள்ளைக்கு, அந்த வழிகாட்டியின் அளவு ஒமிப்ரசோல் 20 மி.கி., அமாக்சிசிலின் 500 மி.கி., கிளாரித்ரோமைசின் 250 மி.கி., மூன்றும் தினம் இருவேளை, 14 நாள். கணக்குப் போட்டால் 84 வேளை மருந்து. அதில் பத்தில் ஒன்பது பங்காவது உள்ளே போகாவிட்டால் பலன் சரியும், மிஞ்சிய கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளும்.

தவறு நடப்பது சின்ன இடங்களில். அமில மாத்திரை சாப்பாட்டுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு போக வேண்டும், சாப்பிட்டபின் இல்லை. காப்ஸ்யூலைத் திறந்து கொடுத்தால் உள்ளிருக்கும் மணிகளை நசுக்கக் கூடாது, பாலில் போடக் கூடாது, அதன் மேல்பூச்சு பாலில் கரைந்துவிடும். புளிப்பான பழக்கூழில் ஒரு ஸ்பூன் கலந்து மெல்லாமல் விழுங்கவைக்கலாம். கிளாரித்ரோமைசின் சிரப் வாயில் கசப்பை விட்டுப்போகும். மூன்றாம் நாள் பிள்ளை துப்பத் தொடங்குவது அதனால்தான், குளிர்ந்த ஏதாவது முன்னும் பின்னும் கொடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். தண்ணீர் சேர்த்துக் கலக்கிய அமாக்சிசிலின் பாட்டில் பலவும் ஏழு நாளுக்குத்தான் தாங்கும், லேபிளில் இருக்கும். 14 நாள் மருந்துக்கு ஒரே நாளில் கலக்கி வைத்தால் இரண்டாம் வாரம் வீரியமில்லாத மருந்துதான் போகும். மருந்து சாப்பிடும் நாட்களில் மலம் இளகிப் போவது வழக்கம். ரத்தம் கலந்து போனாலோ, தடிப்பு வந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, வயிற்று வலி நின்றிருந்தாலும் நிற்காவிட்டாலும், மல ஆன்டிஜெனோ மூச்சுப் பரிசோதனையோ செய்து கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். ஐஜிஜி திரும்ப எடுக்கக் கூடாது, அது பாசிட்டிவாகவே இருந்து வீட்டைக் கலக்கும். வீட்டில் யாருக்காவது வாந்தி வந்தால் துடைத்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தைக்கு ஊட்டக் கூடாது. வாந்தியில் இந்தக் கிருமி ஏராளமாக, உயிரோடு வெளியே வருகிறது. கைக்குழந்தைக்கு வாயில் மென்று ஊட்டும் பழக்கமும் வேண்டாம்.

நம் 112 செ.மீ. பையனுக்கு இந்த 84 வேளையில் ஒன்றுகூடத் தேவைப்படாமல் போகலாம். அவனை இன்று ஒரு தடவை ஒழுங்காக அளந்து, தேதியோடு எழுதி, ஆறு மாதம் கழித்து அதே சுவரில், அதே கருவியில் மறுபடி நிறுத்த வேண்டும்.